மரமேறிய குழாயும் கூடத்துப் பெட்டியும்: வட சிலாங்கூரில் ஒலிபெருக்கியின் கதை

தோட்டத்துத் திருவிழாவில் கொடி ஏறுவதற்கு முன்பே குழாய் ஏறிவிடும் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் மாலையிலேயே ஆலயத்தின் முன் நிற்கும் உயர்ந்த மரத்தில் இளைஞர் ஒருவர் தொற்றி ஏறி, சாம்பல் நிறக் குழாய் ஒலிபெருக்கிகள் இரண்டினை எதிரெதிர்த் திசைகளில் கட்டிவிட்டு இறங்குவார். கீழே ஒருவர் ஒலிவாங்கியை விரலால் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவார். அவ்வெண்ணிக்கை லயத்தின் கடைசி வீடுவரை கேட்டுவிட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று பொருள்.

அந்தக் குழாய்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றையும், அவற்றோடு உடன்பிறந்த வீட்டு ஒலிபெருக்கிகள் இன்று கிடக்கும் கிடையையும் ஒரு சேர எழுத வேண்டும் என்பது அடியேனின் நெடுநாள் எண்ணம். செரண்டாவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சோவில் 1993ஆம் ஆண்டு அமைந்த பெரோடுவா நிறுவனம் அடுத்த ஆண்டே கான்சில் காரை வெளியிட்டது. நம்மவர்களுள் பலர் லயங்களை விட்டு வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த காலம் அது. அம்மியோடும் சாமிப்படங்களோடும் லாரியில் ஏறி வந்த பொருள்களுள் வானொலிப் பெட்டியும் ரேடியோகிராமும் இருந்தன. இன்று அவை மாடிப்படியின் அடியில் தூசு படிந்து கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்க வருபவர் காந்தத்தின் எடைக்கு விலை பேசுகிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். அவற்றில் கெட்டுப் போயிருப்பதோ பெரும்பாலும் கைப்பிடியளவு தாளும் நுரையுமே என்பதை அறிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டோம்.

ஒலிபெருக்கி நெடுந்தொன்மை வாய்ந்த கருவியன்று. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன் என்பவரும் எட்வின் பிரிதம் என்பவரும் கலிபோர்னியாவின் நாபா என்னும் ஊரில் ஆய்வு நடத்தி, 1915ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்திற்குத் தங்கள் கருவியின் வழியே பாட்டும் பேச்சும் கேட்பித்தனர். 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியாகோவில் அதே கருவியின் துணைகொண்டு ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் உரையாற்றினார். அவை எல்லாம் குழாய் வகை. வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்கத்தக்க தாள் கூம்பு ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவர். அவர்கள் தம் ஆய்வை வெளியிட்ட ஆண்டு 1925. இன்று கைப்பேசிக்குள் இருப்பதுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அந்த இலக்கணத்தின் வழிவந்தவையே. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள் நிற்கிறது. மின்னோட்டம் ஏறி இறங்கும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய தாள் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் காலூன்றிய இடங்களுள் தலையாயது நமக்கு அடுத்த ஊரான ரவாங் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். பெருவணிகர் லோக் இயூவும், கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894ஆம் ஆண்டு மின்னாக்க இயந்திரம் நிறுவப்பட்டது. ஆனால் ஊருக்கு வந்த வெளிச்சம் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. துரை பங்களாவிலும் ஆலையிலும் விளக்கு எரியும்; லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். பின்னர் இஞ்சின் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்த தோட்டங்களிலும் மாலையில் சில மணி நேரமே மின்சாரம் இருக்கும். இந்த இருட்டுதான் நம் ஒலிபெருக்கி வரலாற்றின் திறவுகோல். மின்சாரம் இல்லாத இடத்தில் வீட்டுக்கொரு வானொலி இயலாது. பொதுவில் ஒன்றை வைத்துப் பலரும் கேட்பதே இயலும்.

மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஈராண்டில் அவசரகாலம் வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் உலு சிலாங்கூர் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும். பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டது கோலக்குபுவுக்கு மேலே ஃபிரேசர் மலைச் சாலையில்தான். புதுக்கிராமங்களைப் போலவே தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. மாலையில் ஊரடங்கு. வேலிக்குள் இருக்கும் மக்களின் காதுகளைப் பிறர் பிடித்துவிடக் கூடாது என்ற கவலையில், பேட்டரியில் இயங்கும் பொது வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் வழங்கியது. காட்டுக்கு மேலே ஒலிபெருக்கி பூட்டிய விமானங்கள் பறந்து, சரணடையுமாறு அறைகூவல் விடுத்தன. வானத்திலிருந்தும் பேரொலி வந்த காலம் அது!

எந்த நோக்கத்தோடு கொடுத்தார்களோ, அது அவர்கள் பாடு. நம்மவர்கள் அந்தப் பெட்டியில் கேட்டது தமிழ்ச் செய்தியையும் பாட்டையும். அதே காலத்தில் 1946இல் தோன்றிய மலாயா திரைப்படப் பிரிவின் படங்களைச் சுமந்துகொண்டு செய்தித்துறையின் வண்டிகள் தோட்டந்தோட்டமாக வந்தன. வண்டியின் தலையில் குழாய், வயிற்றில் மின்னாக்கி. திரை கட்டுவதற்குள் பாட்டு ஒலிக்கும். பாய் சுருட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவருவார்கள். நகரவாசிகளின் நிலை வேறு. கோலாலம்பூரில் 1949இல் தொடங்கிய ரீடிஃப்யூஷன் சேவை, கம்பி வழியே வீட்டுக்குள் ஒலியைக் கொண்டு சேர்த்தது. அந்தப் பெட்டியில் நிலையங்களைத் தேடும் முள் இல்லை. முதன்மையாக ஒலிபெருக்கியும் ஒலியளவைத் திருகும் குமிழுமே. இன்றும் எங்கேனும் அத்தகைய பெட்டி கிடைத்தால், வானொலி என்று எண்ணித் திறப்பவர் உள்ளே ஒன்றுமில்லையே என்று ஏமாறுகிறார். ஒன்றுமில்லாதிருப்பதே அதன் இயல்பு.

ஆலயங்களில் குழாய் நிலைபெற்றதற்குக் காரணம் ஆடம்பரம் என்று சிலர் இன்று குறை கூறுகின்றனர். அஃது ஓரளவே உண்மை, முதற்காரணம் சிக்கனம். வீட்டில் வைக்கும் தாள் கூம்பு ஒலிபெருக்கி 1 வாட் மின்திறனைப் பெற்று, 1 மீட்டர் தொலைவில் 85 முதல் 90 டெசிபல் ஒலியைத் தருகிறது. நல்ல குழாய் அதே 1 வாட்டுக்கு 105 முதல் 110 டெசிபல் தரும். 20 டெசிபல் வேறுபாடு என்றால் 100 மடங்கு திறன் என்று கணக்கு. ஆகவே கார் பேட்டரியில் ஓடும் 30 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றே ஒரு தோட்டம் முழுவதற்கும் போதுமாயிற்று. மின்சாரமற்ற மக்கள் வேறு எதைத் தேர்ந்திருக்க முடியும்?

இன்னொரு நுட்பமும் உண்டு. 30 வாட்டினை 8 ஓம் ஒலிபெருக்கிக்கு நேரே அனுப்பினால் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினால் 0.3 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், இழப்பு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மின்சார வாரியம் உயரழுத்தக் கம்பிகளில் செய்ததை, ஆலயத்தில் ஒலிபெருக்கி கட்டியவர்கள் மெல்லிய கம்பியில் செய்தார்கள். இதற்காக ஒவ்வொரு குழாயின் பின்புறத்திலும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். இதை அறியாமல் பழைய குழாயை வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பார்த்து, ஈனமாகக் கேட்கிறது, கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை விலக்கி நேரே இணைத்தால் அது கணீரென்று பேசும்.

குழாய்க்கும் குறை உண்டு. ஏறத்தாழ 300 அதிர்வுகளுக்குக் கீழே அதனால் ஒலிக்க இயலாது. நாகசுரம் அதற்குப் பொருந்தி வரும். தவிலின் தொப்பி ஓசை காணாமற் போகும். ஆண்குரலின் அடிநாதம் அதற்கும் கீழே இருந்தாலும், மேலெழும் கிளையொலிகளைக் கொண்டு நம் காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் குரலும் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் குழாயில் ஏறி நிலைத்தது அவர்தம் குரல்களின் உச்சத் தெளிவினால் என்பது அடியேனின் கருத்து. எம். எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதைக் குழாயில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர், நல்ல தாள் கூம்பு ஒலிபெருக்கியில் முதன்முறை கேட்கும்போது தம்பூராவும் இருந்திருக்கிறதே என்று வியப்பார். அடியேனும் அவ்வாறு வியந்தவன்தான்.

அந்த வியப்பைத் தந்தது என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது தவணையில் வாங்கிய ரேடியோகிராம். நாங்கள் செரண்டாவில் வீடு வாங்கிக் குடிவந்த பின் அது கரகரக்கத் தொடங்கிற்று. பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது; கரகரப்பு இல்லை. ஆனால் பாட்டில் ஏதோ குறைந்திருந்தது. நெடுநாள் கழித்துப் பின்பலகையைக் கழற்றியபோதுதான், பழைய ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு மலிவான புதிய ஒன்றைப் பூட்டியிருந்தது தெரிந்தது. கடையின் பெயர் இங்கு வேண்டாம். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று முதல் அவர் அப்பெட்டியில் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். அதன் பிறகுதான் அடியேன் திருப்புளியைக் கையில் எடுத்தேன். பழைய ஒலிபெருக்கிகளைத் தேடி வாங்கி, சிலவற்றைப் பாழாக்கி, பலவற்றைச் செம்மையாக்கிக் கற்றவற்றைக் கீழே தருகிறேன்.

முதலில் காந்தத்தைப் பார்த்து வயதை அறிய வேண்டும். 1930, 40களின் பெட்டிகள் சிலவற்றில் நிலைக்காந்தமே இல்லை. மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாகும் பெரிய சுருள் இருக்கும். அதைத் தனியே கழற்றி இணைத்தால் பேசாது. அது தன் பெட்டியோடுதான் வாழும். போருக்குப் பின் வந்தவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் பரவலாயிற்று. சிறியதாய் உருளை போல் இருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய கறுப்பு நிற ஃபெரைட் காந்தம் அதற்குப் போட்டியாக வந்தது. 1978இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுச் சுரங்கப் பகுதியில் மூண்ட போரினால் கோபால்ட் விலை எகிறிவிடவே, ஒலிபெருக்கித் தொழில் பெரும்பாலும் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டது. அல்நிகோ காந்தத்தை எக்காரணம் கொண்டும் கழற்றலாகாது. கழற்றிய நொடியிலேயே அதன் வலிமை குன்றும்.

அடுத்தது ஓர வளையம். இதில்தான் வேடிக்கை. 1950, 60களில் செய்யப்பட்ட கூம்புகளின் ஓரம் மடிப்பு மடிப்பான தாளால் ஆனது. கரப்பான் தின்னாமலும் கறையான் அரிக்காமலும் இருந்தால் இன்றும் நன்றாக இருக்கும். 1970களில் நாகரிகமாக வந்த நுரை ஓரமோ, நம் நாட்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடுகிறது. ஆகையால் தாத்தா வாங்கியது பேசுகிறது, அப்பா வாங்கியது பேசுவதில்லை. நுரை உதிர்ந்த ஒலிபெருக்கியைத்தான் மக்கள் பெரும்பாலும் எறிகின்றனர். அதுவே எளிதில் செம்மையாகக் கூடியது.

பழைய நுரையைச் சுரண்டி எடுத்து, ஒட்டியிருக்கும் பிசினை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அதே அளவுள்ள புதிய வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு நடுவிலுள்ள தூசு மூடியைக் கவனமாக வெட்டி எடுத்து, சுருளுக்கும் காந்த முனைக்கும் இடையே மெல்லிய தாள் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் சுருள் நடுவில் நிற்கும். அந்நிலையில் வளையத்தின் வெளி ஓரத்தை இரும்புச் சட்டத்தில் ஒட்டி ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுங்கள். அவசரப்பட்டுத் தாளை உருவியதால் பாழானவை அடியேன் கணக்கில் இரண்டு. காய்ந்த பின் விரல்நுனிகளால் கூம்பை மெல்ல அழுத்திப் பார்க்கையில் உரசும் ஓசை இருக்கக் கூடாது. தாள் கூம்பில் சிறு கிழிசல் இருந்தால், காற்றாடி கட்டும் மெல்லிய தாளும் நீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். நெடுங்காலம் ஒரே நிலையில் நின்ற பெரிய கூம்பு தன் எடையாலேயே கீழே தொய்ந்திருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

குழாயின் வைத்தியம் இன்னும் எளிது. அதன் பின்னுள்ள உருண்டைப் பகுதியைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் தகடும் சுருளும் இருக்கும். எரிந்து போவது அது ஒன்றே. பல குழாய்களுக்கு அது தனியே விற்கப்படுகிறது. ஓம் அளவியில் பார்த்தால், 8 ஓம் என்று எழுதியிருப்பது 6 அல்லது 7 எனக் காட்டும். 16 ஓம் என்பது 12 அல்லது 13 காட்டும். அது பிழையன்று. முள் அசையவே இல்லையென்றால்தான் சுருள் அறுந்துவிட்டது.

வால்வு பூட்டிய பழைய வானொலியையும் ரேடியோகிராமையும் பற்றி ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் உறங்கியதை நேரே மின்சாரத்தில் செருக வேண்டா. அதன் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். பழைய இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து முதலில் மெல்ல எழுப்ப வேண்டும். மின்சாரத்தை எடுத்த பின்னும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கலாம். பழகியவர் துணையின்றிக் கைவைத்தல் ஆகாது. ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு அப்பெட்டியை இயக்குவதும் தவறு. அதன் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும்.

செம்மையாக்கிய ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது? லயத்துப் பலகைச் சுவர் ஒலியை ஓரளவு வெளியே விட்டுவிடும். வரிசை வீடோ நீளமானது, குறுகலானது. சிமெண்டுச் சுவரும் பளிங்குத் தரையும் ஒலியை அடித்துத் திருப்பும். ஒரு பக்கம் கனமான திரை, தரையில் பாய், எதிர்ச்சுவரில் புத்தக அடுக்கு என்று வைத்துப் பார்த்தால் பாதிக் குறை தீரும். பெட்டிகளை மூலையில் ஒட்டி வைக்காமல் ஓரடி முன்னே இழுத்து, அவற்றுக்கு இடையே உள்ள தொலைவில்தான் நாமும் அமர வேண்டும். இரண்டில் ஒன்றின் கம்பி மாறி இணைந்திருந்தால் கனத்த ஓசை மெலிந்துவிடும். பாட்டு மெலிந்து கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். குழாயை மட்டும் வீட்டுக்குள் முழங்க விடாதீர்கள். அது மரத்தில் இருக்கப் பிறந்தது. அக்கம் பக்கத்தாரும் மனிதர்களே.

அண்மையில், இடம் மாறிய தோட்டத்து ஆலயம் ஒன்றின் பண்டசாலையில் இரண்டு குழாய்களைக் கண்டோம். குளவி கூடு கட்டியிருந்தது. ஒன்றின் விளிம்பில் தோட்டத்தின் பெயரை யாரோ வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். அந்தத் தோட்டம் இன்று நில வரைபடத்தில் இல்லை. இளைஞர் ஒருவர் உதவ, தகடு மாற்றி, டிரான்ஸ்ஃபார்மரை விலக்கி, மாலைக்குள் ஒன்றைப் பேச வைத்தோம். மற்றொன்றுக்குத் தகடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்பர்கள் தங்கள் வீட்டில் கிடக்கும் பழைய ஒலிபெருக்கியை எடைக்குப் போடுமுன், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு கம்பித் துண்டுகளால் அதன் முனைகளை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பொட்டென்று ஓசை வந்து கூம்பு சற்றே அசைந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு துணியால் துடைத்து, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டில், யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டி வையுங்கள்.